முதல் சலவைக்கு முன்னால்

(ஒரு மகளிர் கல்லூரியின் ஆடையியல் துறையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சுக்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இந்த மேசையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள். மூன்றிலும் வெந்நீர், ஆளுக்கு ஒரு சொட்டு சோப்புக் கரைசல். நேற்று உங்கள் கடைவீதியில் மூன்று பருத்தித் துணி வாங்கி, உள்ளங்கை அளவு வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று குங்குமச் சிவப்பு, ஒன்று மஞ்சள், மூன்றாவது கறுப்போ என்று சந்தேகப்பட வைக்கும் கருநீலம். மூன்றையும் டம்ளருக்கு ஒன்றாகப் போட்டுவிடுகிறேன். எது சாயம் விடும்? கையைத் தூக்குங்கள். சிவப்புக்குத்தான் எல்லாக் கையும். சரி, பேசி முடித்துவிட்டுப் பார்ப்போம்.

என் மகளின் தலைப்பிரசவத்துக்கு நான் ஒரு போர்வை தைத்தேன். அம்மாவின் பழைய நூல் சேலைகள் ஆறு, அப்பாவின் வேட்டி இரண்டு. எல்லாம் வெளிறிய நிறங்களாக இருந்ததால் நடுவில் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று கடையில் புதுச் சிவப்புத் துணி முக்கால் மீட்டர் வாங்கிச் சேர்த்தேன். நாலு மாதத் தையல். பிள்ளைக்குப் போர்த்துமுன் அலசிவிடுவோம் என்று ஒரு நாள் காலையில் நனைத்தேன். மத்தியானத்துக்குள் அப்பாவின் வேட்டி ரோஜா நிறமாகிவிட்டது. பதறிப்போய், காய்ந்தால் சரியாகிவிடும் என்று நல்ல வெயிலில் கொண்டுபோய்ப் போட்டேன். செய்யக்கூடாத இரண்டாவது காரியம் அதுதான். பேத்திக்கு இப்போது பத்து வயது. அந்தப் போர்வை இன்னும் ரோஜா நிறம்தான்.

நாற்பது வருஷம் துவைத்த சேலைகள் ஒரு பாவமும் செய்யவில்லை. ஒரு நாள்கூடத் துவைக்காத துணிதான் அத்தனையையும் கெடுத்தது. அன்று முதல், போர்வைச் சலவை என்பது துணி எடுக்கும் கடையிலேயே தொடங்கிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒன்றுதான். இன்று சொல்லப்போவதும் அதைச் சுற்றித்தான்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் க்வில்ட் என்கிறார்கள். வடக்கே ரஜாய், மராத்தியில் கோதடி, வட கர்நாடகத்தில் கௌதி, வங்கத்தில் காந்தா. தமிழில் அப்படி ஒரு சொல் ஊரெல்லாம் நிலைக்கவில்லை. நான் அடுக்குப் போர்வை என்றே சொல்கிறேன். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சோ வேறு துணியோ. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். அவ்வளவுதான்.

வங்கத்துக் காந்தாவும் நம் கந்தையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். நைந்த வேட்டி சேலைகளை நாலைந்து அடுக்காகப் பரப்பி, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் பிடிப்பார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் சேகரித்தவை கொல்கத்தாவின் ஜோகாவில் அவர் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்துக்குப் போயின. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்தவை பிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்தப் போர்வைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பழந்துணிக்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று சிக்கனம்; இன்னொன்று, பழந்துணி பிள்ளையைக் கண்ணேறு படாமல் காக்கும் என்ற நம்பிக்கை. இரண்டும் உண்மைதான். ஆனால் சலவைத் தொட்டியைப் பார்த்த எவரும் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். அந்தச் சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. விட வேண்டிய சாயத்தை எப்போதோ ஆற்றில் விட்டுவிட்டது. தறியில் ஏற்றிய கஞ்சி ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். புதுத்துணி வாங்கி நாம் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் இருபது வருஷ வாழ்க்கை செய்து வைத்திருக்கிறது.

புதுத்துணி எடுக்கிறவர்கள் அந்த இருபது வருஷத்தை ஒரு வாரத்துக்குள் அடக்க வேண்டும். சாதாரணப் பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். 90 அங்குலப் போர்வையில் அது நாலரை அங்குலம் வரை போகும். எல்லாத் துணியும் ஒரே அளவு சுருங்கினால் கவலையில்லை. ஒன்று சுருங்கி, பக்கத்துத் துண்டு சுருங்காமல் நின்றால்தான் வம்பு; தையல் ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும். துணியைத் துவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, துவைக்காமல் தைத்தால்தான் மொடமொடப்பாக வெட்ட வரும் என்று ஒரு கட்சி. அமெரிக்கப் போர்வைக்காரர்கள் இதற்காகப் பல காலமாகச் சண்டை போடுகிறார்கள். என் தீர்ப்பு: எல்லாவற்றையும் துவையுங்கள், அல்லது எதையுமே துவைக்காதீர்கள். பாதிக்குப் பாதி மட்டும் வேண்டாம். ஆனால் சிவப்பு, கருநீலம், கறுப்பு, கத்தரிப்பூ நிறம் நான்கும் எந்தக் கட்சியானாலும் முதலில் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும்.

துணி வகையில் ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகிறது. ரேயான் நேர் எதிர். நனைந்தவுடன் அதன் வலுவில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். இழுபடுவதும் கிழிவதும் அந்த நேரத்தில்தான். கடையில் தொட்டுப் பார்த்தால் ரேயான் பட்டு மாதிரி வழுக்கும், விலையும் கம்மி, ஆசையாக இருக்கும். சுடிதாருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போர்வைக்குள் பருத்தியோடு சேர்க்காதீர்கள். பாலியஸ்டர் சேலைக்கு வேறு குறை. இன்றைக்கு வீட்டில் மிஞ்சும் பழஞ்சேலையில் பாதி பாலியஸ்டர்தான். சாயம் போகாது, சுருங்காது, ஆனால் வியர்வையையும் உறிஞ்சாது. தைக்கும்போது ஊசிக்கடியில் நழுவிக்கொண்டே இருக்கும். அம்மா விட்டுப்போனது பாலியஸ்டர் சேலைதான் என்றால் அதை மட்டுமே வைத்து ஒரு போர்வை தையுங்கள், கலக்காதீர்கள்.

இனி நடுவில் வைக்கும் பஞ்சு. போர்வையில் இருக்கும் தையலை அழகுக்கு என்று நினைக்கிறோம். பூவும் கொடியும் வட்டமுமாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. அடிப்படையில் அது பஞ்சைக் கட்டிப்போடுகிற வேலி. கொட்டிய பருத்திப் பஞ்சை அப்படியே பரப்பி வைத்தால், நனைந்ததும் அது மந்தை மாதிரி ஒரு மூலைக்குப் போய் உருண்டு நிற்கும். அதனால்தான் பழைய போர்வைகளில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் வரிசை ஓடுகிறது. இன்று ஊசியால் குத்திப் பிணைத்த பஞ்சு, தாள் மாதிரிக் கிடைக்கிறது. 8 அங்குலம், 10 அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்று அதன் உறையிலேயே சில நிறுவனங்கள் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அந்த ஒரு வரியைப் படியுங்கள். அதைப் படிக்காமல் ஒரு அடிக்கு ஒரு தையல் போட்டுவிட்டு, இரண்டாம் சலவையில் பஞ்சு கட்டிக்கொண்டது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

நெருக்கத் தையலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் காட்டோரங்களில் சித்தி இனத்தார் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்த் என்ற போர்வையை ஒருமுறையாவது கையில் வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் முடிக்கிற தையல். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணித்துண்டுகளை வைப்பார்கள், அதற்குப் பூ என்று பெயர். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமாகத் தெரியும். நடுவில் பஞ்சே கிடையாது, எல்லாம் துணி. நெருக்கமான தையல், பருத்தி நூல். கல்லில் அடித்துத் துவைத்தாலும் அது நிற்பதற்குக் காரணம் அந்த நெருக்கம்.

ஜெய்ப்பூர் ரஜாய் அதற்கு மறுகோடி. பஞ்சைப் பறக்கிற அளவுக்குக் கொட்டி, மெல்லிய மல் துணிக்குள் அடைத்தது. வெதுவெதுப்பு அதற்குள் சிறைப்பட்ட காற்றால் வருகிறது, பஞ்சின் கனத்தால் அல்ல. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தண்ணீரில் போடுவதில்லை. வெயிலில் காட்டுவார்கள். உறை அழுக்கானால் உறையை மட்டும் கழற்றித் துவைப்பார்கள். பஞ்சு அமுங்கிப் போனால் தையலைப் பிரித்து, மறுபடி கொட்டி, மறுபடி அடைப்பார்கள். நம் ஊரிலும் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு கொட்டுகிறவர் தெருவில் வருவார். அந்த நாண் சத்தம் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

இலவம் பஞ்சைப் பற்றியும் கேட்பீர்கள். வேண்டாம். கிளி ஏமாந்தது போதும். அந்த இழை உள்ளே குழலாக, காற்று நிறைந்து, மேலே மெழுகு பூசியது போல இருக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்தார்கள். தண்ணீரில் மிதக்கிற பொருளை எப்படித் துவைப்பது? தலையணையில் இருக்கட்டும், சித்திரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

சாயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் நம் கரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் பூவேலைத் துணிகள் கப்பல் கப்பலாகப் போயின. அங்கே அவை படுக்கை விரிப்புகளாகவும் அடுக்குப் போர்வைகளின் மேல்துணியாகவும் ஆயின. ஐரோப்பியர் மயங்கியது பூவில் மட்டும் இல்லை. துவைத்தாலும் போகாத சிவப்பை அவர்கள் பருத்தியில் அதற்குமுன் பெரிதாகப் பார்த்ததில்லை. நம்மவர் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, படிகாரக் கரைசலால் படம் எழுதி, இம்பூறல் வேரிட்ட கொப்பரையில் காய்ச்சினார்கள். சாயவேர் என்கிறோமே, அதுதான். வேரின் சிவப்பைப் பருத்தியோடு கொக்கி போட்டு மாட்டுவது படிகாரம். துணி கரையேறிய வேகத்தில் அங்கே நெசவாளர்கள் கொதித்தார்கள்; பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது, இங்கிலாந்து 1721இல் ஒரு சட்டம் கொண்டுவந்து 1774இல் விலக்கியது. பிறகு அமெரிக்காவில் இந்த வகைத் துணியின் பூக்களையும் பறவைகளையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்வது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

அந்தப் பழைய துணிகளை அருங்காட்சியகத்தில் உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். சிவப்பு அப்படியே இருக்கும். நீலம் இருக்கும். பூவைச் சுற்றி எழுதிய கறுப்புக் கோடு மட்டும் சில இடங்களில் காணாமல் போயிருக்கும். நிறம் வெளுக்கவில்லை, அந்த இடத்தில் துணியே இல்லை. கடுக்காயும் இரும்பும் கூடிப் பிறந்த கறுப்பு, காலம் செல்லச் செல்ல இழையைத் தின்றுவிடுகிறது. பழைய அமெரிக்கப் போர்வைகளில் சில பழுப்பு நிறத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்வதற்கும் இரும்புதான் காரணம். அப்படிப்பட்ட போர்வையைத் தண்ணீரில் போட்டால் கரை மீளும்போது சல்லடையாகத்தான் வரும்.

போகாத சாயத்துக்குப் பெயர் வாங்கிய அதே கரை, போகிற சாயத்துக்கும் பெயர் வாங்கியது. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைக்கு, கட்டாயம் சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து சட்டை புதிதாகத் தெரியுமாம். குறையை விலையாக்குகிற வித்தையில் அவர்களை மிஞ்ச முடியாது. சட்டைக்குச் சரி, போர்வைக்கு அந்தத் துணியை எடுத்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் என்னோடு சண்டைக்கு வரப்போகும் இடம். சாயம் போகாமல் இருக்கக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் வழக்கம். வினிகர் ஊற்றுகிறவர்களும் உண்டு. இன்று கடையில் வரும் பருத்தித் துணிகளுக்கு இரண்டும் பயன்படாது. சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழையின் பக்கம் தள்ள அது உதவும். அதனால் உப்புத் தண்ணீரில் ஊறும்வரை சாயம் அடங்கியிருப்பது போலத் தோன்றும். அடுத்த சலவையில் உப்பில்லாத தண்ணீரில் போட்டதும் பழைய கதை. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்ற அமிலச் சாயங்களுக்குக் கொஞ்சம் துணை செய்யும், பருத்திக்கு இல்லை. புதுப் பருத்தியில் வெளியே வருவது பெரும்பாலும் இழையோடு பிணையாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம். அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், வெளியேற்றுங்கள். சூடான தண்ணீர், சோப்பு, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. தைப்பதற்கு முன்னால்.

தைத்த பிறகு சாயம் பரவிவிட்டால்? என்னைப் போலப் பதறி வெயிலில் போடாதீர்கள். ஈரம் காயாதவரை நம்பிக்கை உண்டு. பெரிய தொட்டியில் நிறையச் சூடான தண்ணீர், நல்ல சோப்புத்தூள். போர்வை முழுதும் மூழ்கியிருக்கட்டும், மேலே குமிழாக எழும்பும் இடத்தை ஒரு தட்டு வைத்து அமுக்குங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீர் நிறமாயிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. மூன்று நாலு முறைகூட ஆகலாம். இது இன்றைய சாயமிட்ட புதுப்பருத்திக்கு மட்டும். பாட்டி காலத்துப் போர்வைக்குச் சூடான தண்ணீரைக் காட்டவே காட்டாதீர்கள்.

துவைக்கிற முறை நீண்ட கதை இல்லை. முன்பக்கம் கதவு வைத்த எந்திரத்தில், குளிர்ந்த தண்ணீரில், மென்மையான ஓட்டத்தில், எந்திரத் தையல் போட்ட புதுப் போர்வையைத் தாராளமாகப் போடலாம். நடுவில் தூண் சுழலும் எந்திரம் போர்வையை முறுக்கித் தையலை அறுக்கும். கைத்தையலானால் தொட்டிதான். கசக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம். உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், அழுக்கு தானாக வரும். வெளுப்புத்தூள் எந்த நாளும் வேண்டாம். துணி மிருதுவாக்கும் திரவமும் வேண்டாம், இழைமேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். பூந்திக்கொட்டை நல்லது, ஆனால் அதன் பழுப்புச் சாறு வெள்ளைத் துணியில் லேசாக ஏறும்.

சேதம் பெரும்பாலும் துவைக்கும்போது வருவதில்லை; தூக்கும்போது வருகிறது. பருத்திப் போர்வை நனைந்தால் தன் எடையைப்போல மூன்று நாலு மடங்கு கனக்கும். அதை ஒரு மூலையைப் பிடித்து உருவித் தூக்குகிறோம். அத்தனை பாரமும் நாலு தையலில் தொங்குகிறது, பட்பட்டென்று தெறிக்கிறது. தொட்டிக்குள் முதலிலேயே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் பரப்பி, அதன்மேல் போர்வையை வையுங்கள். முடிந்ததும் விரிப்பின் நாலு மூலையை இரண்டு பேர் பிடித்து, அடிபட்டவரைத் தூளியில் தூக்குவது போலத் தூக்குங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டுகளுக்கிடையே வைத்துச் சுருட்டி அமுக்கினால் போதும். கொடியில் போட்டாலும் அதே பாரம் அதே இழுப்பு. கயிற்றுக்கட்டில் இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. நிழலில் கட்டிலைப் போட்டு, வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் பரப்பினால் கீழிருந்தும் காற்று ஏறும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லி ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கசக்கக்கூடாத கந்தையும் இருக்கிறது. 1880களில் அமெரிக்காவில் பட்டுத் துண்டுகளைக் கோணல்மாணலாக ஒட்டித் தைப்பது பெரிய மோகமாயிருந்தது. பட்டின் பசையை நீக்கினால் எடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு குறையும். பட்டு எடைக்கு விற்கிற சரக்கு. போன எடையை ஈடுகட்ட ஆலைக்காரர்கள் வெள்ளீயம் போன்றவற்றின் உப்புகளை ஏற்றினார்கள். துணி கனமாக, சரசரவென்று, பணக்காரத்தனமாக இருந்தது. இன்று அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாகக் கீறிப் பொடிகிறது. கூட இருக்கும் பருத்தித் துண்டு நன்றாகவே இருக்கிறது. தண்ணீர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இன்னொன்று. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து ஓடும் ஓர் இடம் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகப் பருத்தி விளைவித்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்கள் போலச் சுவரில் தொங்கின. அவற்றில் ஒன்று மிசூரி பெட்வே என்பவர் 1942இல் தைத்தது. கணவர் இறந்துபோனார். அவர் வயலில் போட்டிருந்த வேலையுடுப்புகளை எடுத்துப் பிரித்து, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்ள என்று ஒரு போர்வை செய்தார். முழங்கால் தேய்ந்த இடம், பை பிரித்த இடத்தில் வெளுக்காமல் நின்ற நீலம், கறை, எல்லாம் அப்படியே. அந்தக் கறையைப் போக்கினால் அவர் போர்த்திக்கொள்ள நினைத்ததில் பாதியைப் போக்கியதாகும். இப்படிப்பட்ட போர்வையின்மேல் மெல்லிய வலையை விரித்து, தூசி உறிஞ்சும் கருவியைக் குறைந்த இழுப்பில் ஓட்டித் தூசியை மட்டும் எடுப்பார்கள் காப்பாளர்கள். வீட்டிலும் அது முடியும்.

எடுத்து வைப்பது பற்றி இரண்டு வார்த்தை. கஞ்சி போட்ட போர்வையைப் பெட்டியில் வைப்பது இராமபாணப் பூச்சிக்கு இலை போடுவது. பிளாஸ்டிக் பைக்குள் மழைக்கால ஈரம் மாட்டிக்கொண்டால் பூசணம் பூக்கும். டிரங்குப் பெட்டி துருக்கறை தரும், மரப்பெட்டி பழுப்பேற்றும். எதுவானாலும் துவைத்த காடாத் துணியில் சுற்றி வையுங்கள். வேப்பிலையை நேராகத் துணிமேல் தூவாமல் சின்னப் பையில் கட்டிப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் பத்து வருஷம் இருந்த துணி அந்த மடிப்பில்தான் கிழியும்.

நேரமாகிவிட்டது. டம்ளர்களைப் பார்ப்போம். முன்வரிசைப் பெண்ணே, இங்கே வாம்மா, ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் காட்டு. மஞ்சள், தண்ணீர் தெளிவு. நீங்களெல்லாம் கை தூக்கிய சிவப்பு, அதுவும் தெளிவுதான். கருநீலத்தைத் தூக்கு. பின்வரிசைக்குத் தெரிகிறதா? சொட்டு நீலம் கலக்கிய வாளி மாதிரி இருக்கிறது. இந்தத் துணியில் இன்னும் ஒரு மீட்டர் என் பையில் இருக்கிறது. துவைத்துப் பார்க்க விருப்பமுள்ளவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம்.